ராசா தேய்ந்தார், யானை தேயவில்லை

1. கடைவாசலில் கூடிய சனம்

"இது அரம் போட்ட காசு! இவள் கள்ளி! விதானையாரைக் கூப்பிடுங்கடா!"

எங்கள் முதலாளி போட்ட சத்தத்தில் கடைவாசலில் சனம் கூடிவிட்டது. பனிச்சங்கேணியிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்த பொன்னம்மா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், அந்தச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. கள்ளி என்ற பெயரோடு ஊருக்குப் போனால் அவள் எப்படித் தலைநிமிர்வாள்? விதானையார்தான் ஊர்த் தலைமைக்காரர், கள்ளரைப் பிடிப்பதும் அவர்தான்.

நான் கல்லடி ஊர்க்காரி. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவதற்கு முந்திய காலம் அது. மட்டக்களப்புப் பட்டினத்தில் காத்தான்குடி முதலாளி ஒருவர் பழைய வெள்ளி வாங்கும் கடை வைத்திருந்தார். நல்ல பழங்காசு வந்தால் அதைச் சேர்க்கிற துரைமாருக்கு விற்பார். பெண்கள் கழுத்தில் கிடந்த காசை ஆம்பிளைகளுக்கு முன்னால் அவிழ்க்கக் கூச்சப்பட்டார்கள். அதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்தார். ஆனால் நான் அங்கே நிலைத்தது என் விரலால். எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்து வராது. காசைத் தொட்டால் எல்லாம் வரும்.

2. அரமா, இல்லையா?

கடையில் மூன்று தட்டு இருந்தது. முடி, காது என்று மேடெல்லாம் கூராக நின்றால் முதல் தட்டு. மேடு மழுங்கியும் உருவம் தெரிந்தால் நடுத்தட்டு. உருவமே போய்விட்டால், வெள்ளிக்காக உருக்கப் போகிற உருக்குத்தட்டு. இரண்டு பக்கத்தில் மோசமான பக்கம்தான் தரத்தைச் சொல்லும். அரத்தால் வெள்ளி சுரண்டிய காசுக்குத் தட்டே இல்லை.

பொன்னம்மா கொண்டுவந்தது இறைசால் என்கிற பழைய வெள்ளிக்காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வெள்ளைக்கார ராசாவின் தலை. யானையின் வால்கூடக் கூராக நின்றது. ராசாவோ வழித்துவிட்டது போல் இருந்தார். போன மாதம்தான் முதலாளி அரம் போட்ட காசொன்றை வாங்கி ஏமாந்திருந்தார்.

"பைக்குள்ள கிடந்தா ரெண்டு பக்கமும்தானே தேயும்? நீயே சொல்லு புள்ள!" என்றார் என்னிடம்.

"பொறுங்க முதலாளி. விதானையார் எங்கயும் ஓடிப்போகமாட்டார்."

ராசாவின் பக்கத்தில் நகத்தை ஓட்டினேன். அரம் கோடு விடும், நகம் தடுக்கும். தடுக்கவில்லை. அதே பக்கத்தின் ஓரத்தைத் தடவினேன். எழுத்தெல்லாம் விரலில் குத்தின. என்ன எழுத்தென்று தெரியாது. ஆனால் அரம் போடுகிறவன் எழுத்தை மட்டும் விட்டுவைப்பானா?

காசில் பற்றவைத்த வளையம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிள்ளையைப் பார்த்தேன். இடுப்பில் கறுப்புக் கயிறு மட்டும்தான், உடுப்பில்லை.

"அக்கா, இது எங்க தொங்கினது?"

"அரைஞாண்லதான் கா! வந்ததிலயிருந்து அதைத்தானே சொல்றன், ஆர் கேட்ட? என்ட அம்மாட காலத்திலயிருந்து எல்லாப் புள்ளைக்கும் இதுதான். யானை மாதிரி வளரட்டுமெண்டு யானையை வெளியில பார்க்கக் கட்டுறம்."

காசைக் கயிற்றில் கோத்துப் பிள்ளையை இறக்கிவிட்டேன். அவன் குதித்தான், உருண்டான். வளையம் சாய்ந்திருந்ததால் காசு புரளவே இல்லை. யானை வெளியில், ராசா தொப்பையில். எத்தனை பிள்ளைகளின் தோலும் வேர்வையும் பட்டு ராசாவின் மூக்கு கரைந்திருக்கும்! ஓரத்து எழுத்து ராசாவின் தலையைவிடப் பள்ளத்தில் கிடந்ததால் தப்பிவிட்டது. அம்மணமாகத் திரிகிற பிள்ளையின் யானையை உரச, காற்றைத் தவிர வேறென்ன இருக்கிறது?

"முதலாளி, அரமில்ல! தொப்பை!" என்று கத்தியேவிட்டேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். பிள்ளை அவர் தாடியைப் பிடித்துக்கொண்டான்.

"அல்லாவே, நானும் இப்பிடித்தானே திரிஞ்சிருப்பன்! தங்கச்சி, வாய் தவறிட்டு. மனசில வெச்சிராத."

"கள்ளி எண்டு சனத்துக்கு முன்னால சொன்னீங்க. இதையும் அங்கயே சொல்லுங்க" என்றாள் பொன்னம்மா.

முதலாளி வாசலுக்குப் போய் உரக்கச் சொன்னார். "கேளுங்க எல்லாரும்! காசும் சுத்தம், கொண்டந்தவளும் சுத்தம். பிழை என்னிலதான்."

"இப்ப உள்ளுக்கு வாங்க, மறுகா விலையை நான் சொல்றன்" என்றாள் அவள். அவள் சொன்ன விலைக்கே வாங்கினார்.

3. நாலாம் தட்டு

"இதை எந்தத் தட்டில போடுற புள்ள? ராசா உருக்குக்குப் போகச் சொல்றார்."

"யானை விடமாட்டுது, முதலாளி. இன்னொரு தட்டு எடுங்க."

அன்றைக்கே எடுத்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த காசுக்கென்று தனித்தட்டு. அதற்கு 'பிள்ளைத்தட்டு' என்று பெயரும் வைத்தேன். பிறகு துரைமார் வந்தால் அதைத்தான் முதலில் கேட்டார்கள். நான் அந்தக் கடையை விடும்வரை, என்னைக் கேட்காமல் அந்தத் தட்டில் முதலாளியே கைவைத்ததில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தேய்மானம் கோணலாக இருந்தால் அரத்தை நினைக்க முன்னம், கொண்டுவந்தவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இது எங்க தொங்கினது?"