கடலுக்குத் திருப்பிக் கொடுத்த பெல்ட்

சாய்ந்தமருதில் தோணித் தலைவர் பளீல் தண்டயலைப் பற்றி யாரிடம் கேட்டாலும், அந்த மனிசன் பொய் பேசமாட்டார் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். மீன் விற்றுக்கொண்டே ஒருவர் பொய் பேசாமல் பிழைத்தார் என்றால் அதுவே ஒரு கராமத்து, ஓர் அற்புதம்தான். அந்தப் பேரில் அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

அவருக்கு ஒரே தங்கச்சி, சபூறா. அவளுடைய மாப்பிள்ளை மசூர் ஒரு நாள் விடியல் சுபஹு தொழுதுவிட்டுத் தனியே தூண்டிலுக்குப் போனான். கடலடியில் கிடக்கும் கற்பாறையை அங்கே பார் என்பார்கள். அன்று அவன் போனது தென்பாருக்கு. அவனும் திரும்பவில்லை, தோணியும் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. கொஞ்ச நாளில் எவனோ ஒருவன் வந்து, மசூரைத் திருகோணமலைத் துறையில் கண்டேன் என்றான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்த ஒரு கதை சபூறாவின் தலையெழுத்தில் முள்ளுக் கம்பி போட்டுவிட்டது.

மசூர் உயிரோடு இருக்கலாம் என்றால் சபூறா இன்னும் அவன் பெண்சாதி. விதவைக்குரிய இத்தாத் தனிமை இருக்கவும் முடியாது, இன்னொருவரைக் கல்யாணம் முடிக்கவும் முடியாது. மருதமுனையில் தறி வைத்திருந்த றஸாக், பெண்சாதியை இழந்தவர், நல்ல மனிசர், பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். சபூறாவுக்கும் விருப்பம்தான். கல்யாண வழக்குகளைத் தீர்க்கும் காதியார் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மசூர் இறந்தது, அந்த மௌத்து, உறுதியாக வேண்டும். இல்லையென்றால், புருசன் சோறு போடாமல் விட்டுவிட்டான் என்று முறைப்பாடு வைத்துப் பஸஹு என்ற மணமுறிவு எடுக்க வேண்டும்.

"அவரு என்னப் பட்டினி போட்டாரெண்டு நான் வாயத் திறந்து சொல்லுறதா?" என்றாள் சபூறா. "அது பொய்யில்லயா காக்கா?"

பொய் பேசாத அண்ணனுக்குப் பொய் பேசாத தங்கச்சி. பிறகு யார் என்ன சொல்ல?

நாடு சுதந்திரமடைந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. சித்திரை பிறந்து கடல் தெளிந்திருந்த நேரம், திருகோணமலையிலிருந்து ஒரு இயந்திரப் படகு வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரத் துரையும் அவருடைய கூட்டாளிகளும் இருந்தார்கள். முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்கிப் பார்ப்பது அவர்களுக்கு விளையாட்டு. கரைக்கே வராமல் படகிலேயே தின்று படகிலேயே படுத்து, பார் பாராகப் பார்க்கப் போகிறார்களாம். சமைக்கவும் பாரைக் காட்டவும் ஆள் தேவைப்பட்டது. துரைமாரின் பேச்சைத் தமிழில் சொல்ல வந்த ஆள் கல்முனை மெதடிஸ்தப் பள்ளியில் இங்கிலீசு படித்த செபரட்ணம்.

பளீல் தோணியைக் கரையில் ஏற்றிவைத்துவிட்டு அகப்பையைக் கையில் எடுத்தார். தண்டயல் குசினிக்காரன் ஆகிவிட்டார் என்று கரையில் சிரித்தார்கள். அவருக்கு எண்ணம் வேறு. படகு போக வேண்டிய பார்களில் தென்பாரையும் சேர்த்துச் சொன்னார். ஏன் என்பதைச் செபரட்ணத்திடம் மட்டும் சொன்னார்.

அந்தப் படகு வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. காற்றடைக்கும் இயந்திரம் நாள் முழுக்க இரைந்தது. போட்ட மிளகாயைத் துரைமார் தாங்கவில்லை. போடாவிட்டால் அவருக்கு இறங்கவில்லை. ஆனால் துரை தண்ணீருக்குள் மறைந்து, குமிழி மட்டும் மேலே வந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் அவர் படகின் விளிம்பை விட்டு நகரமாட்டார்.

தென்பாரில் துரை மேலே வந்தபோது கையில் ஒரு பட்டைப் பெல்ட் இருந்தது. பச்சைக் கித்தான் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. பித்தளைப் பூட்டு உடைந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. அந்தக் கம்பியை மசூருக்குச் சுற்றிக் கொடுத்தவரே பளீல்தான்.

துரை சொன்னதைக் கேட்டுச் செபரட்ணத்தின் குரல் தாழ்ந்தது. "தண்டயல், கீழ ஒரு தோணி கவுண்டு கிடக்காம். அதுக்கடியில மனிச எலும்பு இரிக்காம். எடுத்துத் தரட்டோ எண்டு கேக்கிறார்."

பளீல் பெல்ட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடிய அவருக்கு பள்ளிவாசலில் எப்போதோ கேட்ட பயான் நினைவுக்கு வந்தது. கடலில் மூழ்கி மௌத்தானவன் ஷஹீது என்ற தியாகி. ஷஹீதை உடுத்த உடுப்போடுதான் அடக்க வேண்டும். இரண்டும் அவர் கேட்டவைதான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது மட்டும் அவருடைய சொந்தக் கெட்டித்தனம்.

"வேணாம். மையித்தக் கிளறக் கூடா. இதையும் அவனோடயே வெச்சி மண்ணப் போட்டு மூடச் சொல்லுங்க."

"எலும்பு கிடக்கட்டும். பெல்டையாவது கொண்டு போங்க, தங்கச்சி பாக்கட்டுமே."

"நான் கண்டது போதாதா? என்ட சொல்ல நம்பாதவன் ஊரில ஆரு?"

துரை மறுபடி இறங்கினார். பளீல் கடல்தண்ணீரில் முகம் கை கால் கழுவி வுழூ எடுத்து, கரைப்பக்கம் கிப்லாத் திசையைப் பார்த்துத் தனியாக நின்று மையித்துக்கான ஜனாஸாத் தொழுகை தொழுதார். செபரட்ணம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றான். மச்சானுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற நிம்மதியோடு பளீல் அன்று சோறாக்கினார்.

அந்த நிம்மதி காதியாரின் வீட்டுப் படியேறும் வரைக்கும்தான் இருந்தது.

"எலும்ப நீங்க கண்டீங்களா?" என்று காதியார் கேட்டார்.

"இல்ல. துரை கண்டாரு."

"துரை எங்க?"

"கப்பலேறிட்டாரு."

"பெல்ட்?"

 கூட வந்திருந்த செபரட்ணம்தான் நடந்ததைச் சொன்னான்.

காதியார் தாடியைத் தடவினார். "ஒங்கட நாணயத்தில எனக்குச் சந்தேகமில்ல, பளீல். ஆனா திருகோணமலையில கண்டனெண்டு சத்தியம் பண்ண ஒருத்தன் இரிக்கான். எதக் காட்டி நான் அவன மறுக்க? உடுப்போட அடக்குற சட்டம் போர்க்களத்து ஷஹீதுக்குத்தான். கடலில போனவருக்கு நன்மை இரிக்கி, அந்தச் சட்டம் இல்ல. மார்க்கம் படிச்ச ஒரு ஆலிமக் கேட்டிருக்கலாமே."

நடுக்கடலில் ஆலிமுக்கு எங்கே போவது? கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போனது என்பார்கள். இங்கே கைக்கு வந்ததைக் கையே எடுத்து எறிந்திருந்தது.

வீட்டில் சபூறா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உள்பக்கம் ஒரு பொக்கட் இரிந்துதா காக்கா? சிவப்புத் தறிநூலால நான் தச்சது. அதக் கண்டா நானே சத்தியம் பண்ணியிருப்பன்."

அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு தென்பாருக்குத் தானே போய், கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். பாதி ஆழத்தில் காதில் இரத்தம் வந்ததுதான் மிச்சம். அதிலிருந்து இடக்காது கேட்காது. அந்தப் படகு மறுபடி வரவில்லை. அடுத்த மாரியில் கடல் புரண்டு பாரையே மணலால் மூடிவிட்டது. றஸாக் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மருதமுனையிலேயே நஸீறா என்ற பெண்ணை முடித்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கல்யாணத்துக்குச் சபூறா தன் கையால் பலகாரம் சுட்டுக் கொடுத்தாள்.

சபூறா ஒருநாளும் அண்ணனைக் குறை சொன்னதில்லை. ஒரு தரம் திட்டித் தீர்த்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரு வருடம் மௌத்தான வாப்பா உம்மாவுக்காக வீட்டில் கத்தம் ஓதினார்கள். யார் யாருக்காக என்று ஓத வந்த லெப்பை பேர் கேட்டார். பளீல் வாப்பாவின் பேரைச் சொன்னார், உம்மாவின் பேரைச் சொன்னார், பிறகு மசூரின் பேரையும் சொன்னார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சபூறாவின் குரல் மெதுவாக வந்தது. அவருடைய கேட்கிற காது அந்தப் பக்கம்தான் இருந்தது.

"அவர்ர பேர மௌத்தானவங்களோட சேக்காதீங்க காக்கா. எனக்கு இன்னும் அவரு உசிரோடதான் இரிக்கார்."

லெப்பை பளீலின் முகத்தைப் பார்த்தார். பளீல் அந்தப் பேரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.