அரிசி அளவு பேஸ்ட்

கேமிங் லேப்டாப் வாங்கியபோது வீட்டில் நான் சொன்ன காரணம் தொழில். பட்டாசு லேபிள் வரைகிறவனுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி என்று மனைவியிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவளும் நம்பினாள், அல்லது போனால் போகிறது என்று விட்டுவிட்டாள். ஊரே வெடி செய்கிற சிவகாசியில், திரைக்குள் வெடி போட்டு விளையாடிய நாற்பது வயது ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது வருடம் லேப்டாப் கொதிக்க ஆரம்பித்தது. விளையாட்டின் நடுவே அணைந்தபோதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தீபாவளி சீசன் நேரத்தில் ஒரு பூச்சட்டி, அதாவது புஸ்வாண லேபிளைப் பாதி வரைந்திருக்கையிலும் அணைந்தது. அச்சக முதலாளியிடம் போனில் சொன்னேன்.

"தம்பி, சாயங்காலம் ஏழு மணிக்குள்ள ஃபைல் வந்தாகணும். இல்லன்னா இந்த சீசன் ஆர்டர் பூராத்தையும் வேற ஆளுகிட்டக் குடுத்துருவேன்" என்றார்.

எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு அச்சகம்தான். போனை வைத்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் இரண்டு நாள் கேட்டார். கணினியின் சிப்புக்கும், அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் செம்புத் தகட்டுக்கும் நடுவே பூசியிருக்கிற பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும், அதை மாற்றினால் போதும் என்றும் சொன்னார். இவ்வளவுதானா என்று ஒரு டியூப் தெர்மல் பேஸ்ட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீடியோவில் ஒருவர் அரிசி அளவு வைத்தால் போதும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பசையைப் பற்றிச் சிவகாசிக்காரனுக்கே பாடமா? பள்ளி விடுமுறைகளில் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி லேபிள் ஒட்டியவன் நான். நாலு மூலைக்கும் பசை போகாவிட்டால் லேபிள் தூக்கிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும், அந்த வீடியோக்காரருக்குத் தெரியாது. ஐஸ் குச்சியால் மொத்தமாக அள்ளி, மூலை முடுக்கெல்லாம் இழுத்துப் பூசினேன். வழிந்ததை விரலால் வழித்து மறுபடியும் அதிலேயே தடவினேன். அழுத்தி முடுக்கினால் சிப் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் திருகுகளைப் பாதியோடு நிறுத்தினேன். ஒரு திருகு மிஞ்சியது. கம்பெனிக்காரன் ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறான் என்று முடிவு செய்தேன்.

லேப்டாப்பை ஆன் செய்தேன். முன்பு பதினைந்து நிமிடம் தாங்கியது, இப்போது மூன்று நிமிடத்தில் அணைந்தது.

ஐந்தரை மணிக்குக் கம்பெனி வேனில் மனைவி வந்து இறங்கினாள். நாரணாபுரத்தில், அந்த அச்சகத்தின் லேபிள்கள் போகிற ஒரு பட்டாசு ஆலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது அவள் வேலை. திறந்து கிடந்த லேப்டாப்பைக் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, எம்புட்டு பூசியிருக்கீக!"

"மூலையில தூக்கிரக் கூடாதுல்ல?"

"லேபிளுக்கே நாங்க இம்புட்டு பூச மாட்டோம். பசை கூடுனா லேபிள் வழுக்கிட்டு ஓடிரும். இது என்ன ஒட்டுறதுக்கா?"

"இல்ல. சூட்டக் கடத்துறதுக்கு."

"அப்புறம் எதுக்கு நடுவுல சுவரு கட்டி வச்சிருக்கீக?"

ஆக, தெர்மல் பேஸ்ட்டில் மட்டுமல்ல, லேபிள் ஒட்டுவதிலும் எனக்கு ஒன்றும் தெரியாது. பழைய பனியன் துணியால் எல்லாவற்றையும் துடைத்தோம். டியூபை அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்கி, சிப்பின் நடுவில் அரிசி அளவு வைத்தாள். தகட்டை அழுத்தி எல்லாத் திருகையும் முடுக்கினேன், கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டதையும் சேர்த்து. இந்த முறை அணையவில்லை. ஆறே முக்காலுக்கு லேபிள் முடிந்தது. பெருமை தாங்காமல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் பூச்சட்டியைப் பார்க்கவில்லை. விளிம்பை ஒட்டி நான் எப்போதும் போடுகிற மெல்லிய தங்கக் கோட்டைத்தான் பார்த்தாள்.

"இந்தக் கோட்ட நீங்கதான் போடுறீகளா?"

"எட்டு வருசமாப் போடுறேன். அதான் நம்ம ஸ்பெசல்."

"ஒட்டும்போது லேபிள் கொஞ்சம் கோணுனாலும் இந்தக் கோடு காட்டிக் குடுத்துரும். பிரிச்சு ஒட்டச் சொல்லி மேஸ்திரி ஏசுவாரு. எந்தப் பயபுள்ள இதப் போடுறான்னு நாங்க அம்புட்டுப் பேரும் தெனமும் வையுறோம்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு லேபிளாச்சும் எனக்குக் காட்டியிருக்கீகளா?"

காட்டியதில்லை. அவள் கையில் ஒட்டப்போவதை அவளிடம் காட்ட வேண்டும் என்று எட்டு வருடத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

மணி ஏழாக ஐந்து நிமிடம் இருந்தது. கோட்டை அழித்தேன். "இப்ப ஒட்டலாமா?" என்று கேட்டேன். தலையைச் சாய்த்து நாலு மூலையையும் பார்த்துவிட்டு, "ஒட்டலாம்" என்றாள். அதற்குப் பிறகுதான் முதலாளிக்கு அனுப்பினேன்.