கிலுங்காத தோட்டா

கொல்லக்கூடிய ஒரு தவறு தற்செயலாக யாரையும் கொல்லாமல் போனால், அதைச் செய்தவர் குற்றவாளியா, இல்லையா? இதற்கு விடை தேடி வாழ்நாள் முழுக்கப் படித்தவர்கள் உண்டு. மகேந்திரராஜா அதிகம் படிக்கிறவர் அல்ல. அவருக்கு இந்தக் கேள்வி ஒரு சினிமாத் தியேட்டரில் கிடைத்தது.

1972இல் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ண் வந்த மெக்கானிக் அவர். வீடு கிளேட்டனில். படப்பிடிப்புகளுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடும் ஒரு கடையின் பின்னறையில் வேலை. மேதை என்று சொல்லமாட்டேன், பொறுமைசாலி. அங்கிருந்த துப்பாக்கிகளில் ஒன்று 1908இல் அமெரிக்காவில் வேட்டைக்கென்று செய்யப்பட்டது. சுட்ட உதைப்பிலேயே, தோட்டாவை அடைத்துப் பிடித்திருக்கும் அதன் பூட்டு பின்னே போய், தோட்டாவின் வெறும் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஒரு படத்தில் அது கொள்ளைக்காரன் தோளில் வந்தது. அடுத்ததில் போலீஸ்காரன் கையில். 1880இல் நடக்கும் கதையிலும் வந்தது. அப்போது அது பிறந்திருக்கவே இல்லை என்று எவரும் கேட்கவில்லை.

படத்தில் காட்டும் பொய்த் தோட்டாவை அவர் உண்மைத் தோட்டாவிலிருந்துதான் செய்வார். வெடிமருந்தைக் கொட்டிவிட்டு, உள்ளே ஒரு சிறு இரும்பு மணியைப் போட்டு மூடுவார். காதருகே குலுக்கினால் கிலுங்க வேண்டும். கிலுங்காவிட்டால் அது உயிருள்ள தோட்டா. ஒவ்வொன்றாகக் குலுக்குவது வழக்கம். 1974 மார்ச்சில் ஒரு காலை, வாசலில் படக்குழுவின் வண்டி காத்திருந்ததால், அவர்கள் கேட்ட ஐந்து தோட்டாவையும் ஒரே கையில் பொத்திக் குலுக்கினார். கிலுங்கியது. கொடுத்தனுப்பினார்.

அடுத்த ஆண்டு மனைவி யோகாவோடு, அந்தத் தோட்டாக்கள் பயன்பட்ட படத்துக்குப் போனார். துப்பாக்கி திரையில் தோன்றியது.

"இஞ்ச பாருங்கோ, உங்கட மூத்த பிள்ளை வந்திட்டுது," என்றார் யோகா. "என்னைவிட அதோடதானே கூட நேரம் இருக்கிறியள்."

"சும்மா இரும்."

திரையில் ஒருவன் தோட்டாக்களை ஏற்றி, வேலியோரம் நின்றவனைக் குறிவைத்தான். வெடித்தது. பூட்டு பின்னே போனது. பித்தளைக் கூடு ஒன்று வெயிலில் மின்னிப் பறந்தது. நின்றவன் விழுந்தான்.

மகேந்திரராஜா எழுந்துவிட்டார். பொய்த் தோட்டா வெடிக்காது. சத்தத்துக்கென்று செய்யும் வெற்று வெடியால் அந்தப் பூட்டை அசைக்க முடியாது. குண்டு இல்லாததால் உதைப்பு போதாது. கூடு பறந்தது என்றால், குண்டும் போயிருக்கிறது.

"என்னப்பா, இருங்கோ. பின்னால ஆக்கள் ஏசுகினம்."

"அது உண்மை வெடி, யோகா."

"படம்தானே?"

"நான் அனுப்பினது."

இருவரும் வெளியே வந்தார்கள். "அந்த ஆள் உயிரோட இருக்கிறார்தானே?" என்று யோகா கேட்டார்.

"ஓம். போன மாசமும் கடைக்கு வந்தவர்."

"அப்ப அவரிட்டச் சொல்லுங்கோ. வேலை போனாப் போகட்டும்."

சொல்வதென்று முடிவு செய்துகொண்டே திங்கட்கிழமை வேலைக்குப் போனார். வியாழனன்று, வேலியோரம் விழுந்த அந்த நடிகரே கடைக்கு வந்தார். புதிய படம், அதிலும் சுடப்படும் பாத்திரம்.

"போன படத்தில் அழகாகச் செத்தேன், இல்லையா மகேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தார். "சும்மா கிளிக் என்று கேட்கும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நீ திருட்டுத்தனமாக வெடியை வைத்துவிட்டாய். இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். நான் பயந்துபோய் விழுந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ வேறு காதை உரசிக்கொண்டு போனது."

சொல்லிவிட்டுக் காது மடலைத் தடவினார். அங்கே எதுவுமில்லை.

மகேந்திரராஜா வாயைத் திறந்தார். "இந்த முறை எத்தனை தோட்டா வேண்டும்?" என்று கேட்டார்.

படப்பிடிப்புக்குத் துப்பாக்கியோடு தானும் போனார். தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் குலுக்கினார். சுடுகிறவர் கையில் கொடுத்தார். பிறகு கமராவைக் கடந்து நடந்து, குறிவைக்கப்படும் மனிதரை ஒட்டி, படத்தில் விழாத இடத்தில், துப்பாக்கிக் குழலை நேரே பார்த்தபடி நின்றார். தள்ளி நிற்கச் சொன்னார்கள். நகரவில்லை.

அந்தத் துப்பாக்கி போன படங்களுக்கெல்லாம், 1979வரை, அவரும் போய் அப்படியே நின்றார். யோகா பலமுறை காரணம் கேட்டார். நடிகரும் ஒருமுறை கேட்டார். அவர் அடுத்த தோட்டாவைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார்.