சாரல் என்று சொல்லக்கூடாத ஒரு வாரம்

"நாயை மட்டும் ரயிலில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முதலில் பழக வேண்டியது நீங்கள். பத்து கஜம் கயிறு கொண்டுவரவும். கம்பு வேண்டாம்." 1962 ஜூன் 27 தேதியிட்டு எனக்கு வந்த அஞ்சலட்டையில் இருந்தது இவ்வளவுதான். எழுதியவர் ஹவில்தார் சங்கரபாண்டியன். ராணுவத்தில் நாய்களைப் பழக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, குற்றாலத்துக்கு அருகே காசிமேஜர்புரத்தில் குடியிருந்தார். எங்கள் தெருவில் உள்ள ராணுவ பென்ஷன்காரர் ஒருவர் அவருடைய முகவரியைத் தந்தார்.

எங்கள் நாய்க்குப் பெயர் மேஜர். இரண்டு வயது அல்சேஷன். வடக்கே மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுச் சென்றது. கவ்வுவதற்கு அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவ்வியதை விடத்தான் தெரியாது. ஏப்ரல் மாதம் பால்காரரின் குடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிய பிறகே விட்டது. குடை இருந்த இடத்தில் கை இருந்திருந்தால் என்று என் மனைவி ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினாள். பிறகு தீர்மானமாகச் சொன்னாள். சொன்னால் விடுகிற நாயாகத் திரும்பினால் வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் அங்கேயே ஏதாவது ஒரு தோப்புக்குக் காவலாக விட்டுவிட்டு வர வேண்டும். பகலில் வீட்டில் இருப்பது அவள். ஆகவே அவள் சொன்னாலும் விட வேண்டும். இந்த நிபந்தனையோடுதான் விருதுநகரிலிருந்து புறப்பட்டேன்.

ஜூலை 8, ஞாயிறு. நாய்க்குத் தனிச் சீட்டு. இடம் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. கார்டு பெயர் கேட்டார். மேஜர் என்றேன். "மிலிட்டரி வாரண்டா, காசு கொடுத்த சீட்டா?" என்று சிரிக்காமல் கேட்டார்.

தென்காசி சுமார் எழுபத்தாறு மைல். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை ஜன்னல் கம்பி சுட்டது. சங்கரன்கோவில் தாண்டியும் வெயில்தான். கடையநல்லூருக்கு அப்புறம் யாரோ அடுப்பை அணைத்தது போல் காற்று மாறியது. தென்காசியில் இறங்கியபோது மேற்கே மலை தெரியவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் நின்றது. காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் நடுவே பிளந்து, இரண்டு சுவர்களாக வானத்தில் நிற்கிறது. பிளந்தது எந்த ஆண்டு என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று ஆண்டுகள் கிடைத்தன. குறித்துக்கொண்டு நகர்ந்தேன்.

குற்றாலம் மூன்று மைல். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். குதிரை வண்டிக்காரர் மேஜரை ஒரு பார்வை பார்த்தார்.

"அவரு ஏறுனா குதிர நிக்காது, அண்ணாச்சி. பெட்டிய ஏத்துங்க. நீங்க ரெண்டு பேரும் நடந்து வாங்க."

பெட்டிக்கு ஐம்பது நயா பைசா பேசி, வண்டிக்குப் பின்னால் நடந்தேன். மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. அதை மழை என்று சொன்னால் ஊரார் திருத்துகிறார்கள். மழை விழும், சாரல் விழுவதில்லை, காற்றோடு வந்து முகத்தில் படும். வெயிலும் கூடவே இருக்கும். மேஜர் தன் வாழ்நாளில் முதல்முறையாக அதைப் பார்த்து, காற்றைக் கடித்துக்கொண்டே வந்தது.

ஹவில்தார் வாசலில் நின்றிருந்தார். நாயின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் தொங்கிவிட்டது. "ஹவில்தாரா ரிட்டயர் ஆனவன் மேஜரப் பாத்து உக்காருன்னு சொல்லவா? ஊர் பேருலயும் ஒரு மேஜர் இருக்காரு. இதுல நீங்க வேற."

ஜூலை 9, 10. இதைப் பற்றி எதுவும் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காவல் நாய் பழக்குவது என்றால் நாயைக் கோபப்படுத்துவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது ஒரு விளையாட்டு. நீளக் கயிற்றின் ஒரு நுனி நாயின் கழுத்துப் பட்டையில், மறு நுனி என் கையில். எதிரே ஒருவர் சுருட்டிய கோணிச் சாக்கை ஆட்டுகிறார். நாய் பாய்ந்து கவ்வுகிறது. நுனிப் பல்லால் பிடித்தால் சாக்கு உருவப்படும். வாய் நிறையப் பிடித்தால் சாக்கு அதற்கே. வென்றவன் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வரும். நான் கயிற்றை வெட்டி இழுக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. முதல் நாள் இரண்டையும் செய்தேன்.

சாக்கு ஆட்டியவர் முருகையா, ஹவில்தாரின் மனைவி கோமதியம்மாளின் தம்பி. நாடகக் கம்பெனியில் திருடன், தூதன், கொலையாளி வேஷங்கள் கட்டுகிறவர். ராஜா வேஷம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்பது அவருடைய நிரந்தரக் குறை. இடது கையில் பழைய மெத்தைப் பஞ்சு, அதன்மேல் சைக்கிள் ட்யூப், அதன்மேல் கோணி என்று தொடை பருமனுக்குச் சுற்றிக்கொண்டு, வீட்டை ஒட்டிய தென்னந்தோப்பில் திருட வந்தவனாக நடித்தார். நடிப்பு தேவைக்கு அதிகம். தென்னை மரத்தின் பின்னால் ஒளிந்து மீசையை முறுக்கினார். ஹவில்தார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கவ்வும் பாடத்தில் மேஜருக்குக் குறையில்லை. விடும் பாடம் வந்தது. நான் "விடு" என்றேன். கெஞ்சி, அதட்டி, எல்லாச் சுருதியிலும் சொன்னேன். அது கண்ணை மூடி இன்னும் ஆழமாகக் கவ்வியது. கை வலித்த முருகையா "விடச் சொல்லுங்க" என்று முனக, ஹவில்தார் "சும்மா இருடே, விடும்" என்றார். கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்த கோமதியம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த வீட்டுல பொழுதுக்கும் விடு விடுன்னுதான சொல்லுதோம். கன்னுக்குட்டிய விடு, அந்தப் பேச்ச விடு, அவனப் போக விடு. இதுல எந்த விடு தனக்குன்னு அது எப்படிக் கண்டுக்கும்?"

அன்று இரண்டாவது இட்லி வைக்க வந்தபோது "போதும், விடுங்கள்" என்று நானே சொல்லியிருந்தேன்.

ஜூலை 11, புதன். வேறு சொல் தேட வேண்டும் என்று முடிவாயிற்று. ராணுவ நாய்களுக்கு ஹவில்தார் பழக்கிய இந்திச் சொல் "சோடோ". அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். அன்று பிற்பகல் நாயைக் கட்டிப் போட்டுவிட்டுப் பேரருவிக்குப் போனோம். நல்ல கூட்டம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், பழம் விற்கிறவர்கள், துணியை விட்டுவிட்டுத் தேடுகிறவர்கள். அருவிக்கு அடியில் நின்றால் நம் குரலே நமக்குக் கேட்காது. அந்த இரைச்சலையும் மீறி ஒரு குரல் மட்டும் கேட்டது. "சோடா, சோடோய்." ஹவில்தார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தி வேண்டாம் என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது நான் கொஞ்சம் படித்தவன் என்ற உரிமையில் "துற" என்று வைக்கலாம் என்றேன். சின்னச் சொல், அழகான சொல். கோமதியம்மாள் கேட்டார்: "கதவத் தொறன்னு சொன்னா என்ன செய்யும்?" அதோடு அது போயிற்று.

முருகையா என்னைச் சீண்ட வேண்டும் என்றுதான் சொன்னார். "விருதுநகர்ல ஒருத்தரும் வாயில எடுக்காத சொல்லு ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி. சாரல். அங்கன அதுக்கு என்ன சோலி?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரை யோசித்துப் பார்த்தேன். வெயில், புழுதி, வற்றல் மண்டியின் நெடி. அந்தச் சொல்லை நான் கடைசியாக எப்போது அங்கே கேட்டேன் என்று நினைவே வரவில்லை. ஹவில்தார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பழகப்போவது இங்கே, இங்கே அந்தச் சொல் இல்லாமல் ஒருவர் வாயைத் திறக்க முடியுமா என்றார்.

"இவுக பேர இருவது வருஷமா நான் சொல்லல. எனக்கென்ன, கொறஞ்சா போச்சு?" என்றார் கோமதியம்மாள். "நாலு நாளைக்கு இதச் சொல்லாம இருக்கது ஒரு பெரிய காரியமா?"

ஜூலை 12, 13. அந்த வீட்டில் சாரலுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. கோமதியம்மாள் கணவர் பெயரைச் சுற்றிப் போகிற பழக்கத்தால் இதையும் லாகவமாகச் சுற்றிப் போனார். "அது வருது, கொடியில துணி கெடக்கு" என்பார். முருகையா "துரை வந்துட்டாரு" என்பார். அதிகம் தடுமாறியவர் ஹவில்தார். "சா" என்று ஆரம்பித்து "சாப்பாடு ஆச்சா?" என்று முடிப்பார், ஒரே காலையில் மூன்று முறை சாப்பாடு விசாரித்தார். அண்டை வீட்டார் வாயைக் கட்ட முடியாதாகையால் பழக்கும் இடத்தைத் தோப்பின் கோடிக்கு மாற்றினோம்.

முறை இதுதான். நாய் கவ்வியதும் முருகையா கையை அசைக்காமல் நிறுத்துவார். நான் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒருமுறை "சாரல்" என்பேன். விட்டால் உடனே மறுபடி கவ்வக் கிடைக்கும். விட்டதால் எதுவும் நஷ்டமில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் என் குரலுக்கு விட்டது. என் மனைவிக்குப் பதிலாக நின்ற கோமதியம்மாள் குரலுக்கும் விட்டது. நான் ஊருக்கு ஒரு கார்டு எழுத உட்கார்ந்தேன். ஹவில்தார் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"அசையாத கைய எந்த நாயும் விட்டுரும், அண்ணாச்சி. பயந்தவன் அசையாம நிப்பானா? உதறுவான், ஓடுவான். அந்தக் கைய விடணும். நாளைக்கு அதப் பாப்போம். அப்புறம் எழுதுங்க."

ஜூலை 14, சனி. காலையில் தோப்புத் தரை வழுக்கியது. முருகையா கையைக் காட்டி ஓடினார், மேஜர் கவ்வியது. அவர் கையை உதறினார். நான் சொன்னேன். விடவில்லை. பக்கத்தில் போய் அவர் கையை நிறுத்தச் சொன்ன பிறகே விட்டது. கோமதியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, இன்னொரு தடவை, நான் சொல்லுகிறேன் என்றார். முருகையா ஓடினார். மேஜர் பாய்ந்தது. அவர் உதறினார், சுழன்றார். கோமதியம்மாள் இருபதடி தள்ளி நின்று "சாரல்" என்றார். அதே நேரத்தில் முருகையாவின் கால் வழுக்கிற்று. மல்லாந்து விழுந்து, கையை விரித்து, கண்ணை மூடிக் கிடந்தார். மேஜர் கையை விட்டுவிட்டு, அவர் முகத்தை முகர்ந்துகொண்டு நின்றது.

எது முன்னால் நடந்தது என்று விசாரித்தேன். விழுந்த பிறகே விட்டது என்றார் ஹவில்தார். தன் சொல் முடிவதற்குள் விட்டுவிட்டது, பிறகுதான் தம்பி விழுந்தான் என்றார் கோமதியம்மாள். முருகையா எழுந்து இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"செத்தவன்கிட்ட நேரம் கேக்காதீய."

இன்னொரு முறை பார்க்க வழியில்லை. அன்று சுந்தரபாண்டியபுரத்தில் நாடகம். அதில் அவர் இரண்டு தடவை சாக வேண்டும், இந்த இடுப்போடு. மேஜர் தோப்பிலேயே இருக்கட்டும், ஒரு மாதத்தில் உறுதியாகச் சொல்கிறேன் என்றார் ஹவில்தார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் ஒரு மாதம் இங்கே இருந்தால் அது அவருடைய நாயாகிவிடும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கோமதியம்மாள்தான் முடித்துவைத்தார். "கூட்டிட்டுப் போங்க. ஆனா நடந்தத நடந்தபடியே மதினிகிட்ட சொல்லிருங்க."

ஜூலை 15, ஞாயிறு. ரயில் கடையநல்லூர் தாண்டியதும் பழைய வெயில். என் மனைவி முழுவதையும் கேட்டாள், வழுக்கி விழுந்தது உட்பட. நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் அவிழ்த்துவிடலாம், மற்ற நேரம் சங்கிலி. உறுதி தெரிகிற அன்று சங்கிலியைக் கழற்றலாம் என்றாள். அப்படியே நடக்கிறது.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்று இருந்தது. குற்றாலம் போய் வந்தவனிடம் எங்கள் ஊரில் யாரும் உடம்பு எப்படி என்று கேட்பதில்லை. எதிர் வீட்டுக்காரர் கேட்டார், தபால்காரர் கேட்டார், வேலிக்கு வெளியே நின்று பால் ஊற்றிய பால்காரரும் கேட்டார்: "சாரல் எப்படி இருந்துச்சு?" ஒவ்வொரு முறையும் மேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆனால் அந்த நேரங்களில் அதன் வாயில் எதுவும் இல்லை. ஆகவே, அன்று அது சொல்லுக்கு விட்டதா, ஆள் அசையாமல் கிடந்ததற்கு விட்டதா என்பது இதை எழுதும் ஆகஸ்ட் 19 வரை சரிபார்க்கப்படவில்லை. கையைக் கொடுத்துச் சரிபார்க்க இங்கே யாரும் முன்வரவில்லை.