பேசிக்கலி என்றால் ஓர் அடி

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், இருபுறமும் கைப்பிடிக் கம்பி போட்ட நீளமான அறை. கால் முறிந்தவர்களையும் முட்டி மாற்றிக்கொண்டவர்களையும் அங்கே நடக்கவைப்பது ஓர் அக்காவின் வேலை. கதவில் பிசியோதெரபிஸ்ட் என்று எழுதியிருந்தாலும் கட்டடம் முழுக்க அவருக்குப் பெயர் 'பேசிக்கலி அக்கா'. எதைச் சொன்னாலும் 'பேசிக்கலி' என்று ஆங்கிலத்தில்தான் ஆரம்பிப்பார். பேசிப் பேசியே ஆளை நடக்கவைப்பதால் வந்த தமிழ்ப் பெயர் என்று அறை துடைக்கும் அம்மாள் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். வீட்டிலும் விடுதலை இல்லை. "பேசிக்கலி, இன்னிக்கு சாப்பாடு உண்டா?" என்பார் கணவர்.

ஒரு சமயம் அகராதிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். அகராதி தொகுப்பது அவர் தொழில்; ஏறக்குறைய அக்காவின் வயதுதான். புது முட்டி கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனாலும் சக்கர நாற்காலியை விட்டு எழுந்திருப்பேனா என்று ஒரே அடம். வலியைவிடப் பயம்தான் அதிகம் என்று அக்காவுக்குப் புரிந்தது. முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

"பேசிக்கலி, உங்க முட்டி நல்லா இருக்கு சார்," என்றார் ஒருநாள் காலை.

அகராதிக்காரருக்குப் பொறுக்கவில்லை. 'அடிப்படையில்' என்று பொருள்படும் சொல்லை எல்லாவற்றிலும் உப்பு மாதிரித் தூவலாமா என்று சிடுசிடுத்தார். அக்கா கோபிக்காமல், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவ்வளவுதான், மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனாலும் வேர் கிரேக்கம். அங்கே 'பாசிஸ்' என்றால் காலெடுத்து வைப்பது, ஓர் அடி. பிறகு கால் ஊன்றும் இடம், சிலை நிற்கும் பீடம், அப்புறம் அஸ்திவாரம். தமிழிலும் 'அடி'க்குள் காலடி, அடித்தளம் இரண்டும் இருக்கிறதே என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"அப்போ இத்தனை நாளா நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன். ஒரு பாசிஸ் வைங்க சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே கம்பியைப் பிடித்து எழுந்துவிட்டார். எழுந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"பின்னாடி நீங்க இருக்கீங்கல்ல?"

"இருக்கேன். விழ விடமாட்டேன்."

வலது கால் மெல்ல நகர்ந்து தரையில் ஊன்றியது. நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா தோளருகே கையை மட்டும் வைத்திருந்தார். இடது காலும் வந்தது.

சில வாரங்களில் அவர் கைத்தடியோடு படியிறங்கி வீட்டுக்குப் போனார். மறுவருடம் இன்னொரு முட்டிக்குத் தேதி குறிக்க வந்தவர், அந்த நாட்களில் பேசிக்கலி அக்கா லீவில் இல்லையே என்று முதலில் விசாரித்துக்கொண்டார்.