இருபத்திரண்டு வீட்டுக்கு ஒரு மருந்து மெஷின்

மெஷினை வாடகைக்கு விடுகிறவனுக்கு வெயில் நாளில் தெரிந்தவர் யாருமில்லை. மூடுபனி இறங்கிய மறுநாள் ராகலைத் தோட்டம் முழுக்கச் சொந்தக்காரர்கள். பொதுச் சாமான் எதையாவது பொறுப்பேற்று ஊருக்குச் சுற்றுக்கு விட்டு மாட்டிக்கொண்டவரா நீங்கள்? என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

எங்களுடையது முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கும் பித்தளை மெஷின். தேயிலைத் தோட்டத்தில் அளந்து கொடுக்கும் அரிசி மாதக் கடைசி வாரத்தை எட்டாது. அந்த வாரத்துக்காகத்தான் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலும் ஓடைச் சரிவிலும் சனங்கள் உருளைக்கிழங்கு போட்டார்கள். மூடுபனியில் கருகல் நோய் விழுந்தால் சில நாளில் பாத்தியே கறுத்துப்போகும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து நேரத்தோடு அடித்தால் தப்பும். இருபத்திரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு மெஷின் என்று முடிவானது. வாடகை, அறுவடையில் ஒரு கூடை கிழங்கு. பொறுப்பு எனக்கு. சங்கத் தலைவனாக ஸ்ட்ரைக் நடத்தியதற்காகப் பெயர் வெட்டிப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தைவிட்டு வெளியே தள்ளப்பட்டவன் நான். நேரம் நிறைய இருந்தது.

நானாவின் கையெழுத்து

மெஷின் கேட்டு அரசாங்க விவசாயக் கந்தோருக்கு நாலு பக்க விண்ணப்பம் எழுதினேன். உழைக்கும் வர்க்கம் என்ற சொல் மட்டும் ஒன்பது இடத்தில் வரும். கிளாக்கர் ஒரு பக்கத்தையும் படிக்காமல் பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்றார். அதைத்தான், கடல் தாண்டி வந்தவர்கள் என்று சட்டம் போட்டு எங்களிடமிருந்து பிடுங்கியிருந்தார்களே. கருகல் பத்திரம் பார்த்தா விழுகிறது என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

கடைசியில் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த மஜீது நானா தன் பெயரில் எழுதி வாங்கித் தந்தார். மெஷினை என் முதுகில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "தலைவரே, இப்ப இருபத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து நான் ஒருத்தன்தான் பிரஜை. உரிமை ஏதும் வேணும்னா கடைக்கு வாங்க, சும்மா கோர்ட்டுக்கு அலையாதீங்க."

ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

வேலை முடிந்து வந்த மாலைப்பொழுதில்தான் அடிக்க முடியும் என்பதால் நாளுக்கு ஒரு வீடு. சண்டை வராதிருக்க விதிகள் எழுதி, தோட்டத்து எல்லைக்கு வெளியே தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒட்டினேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லோரும் அங்கே கூட வேண்டும். நான் பெயர் வாசிப்பேன். பிந்தி வந்தால் பட்டியலில் கடைசி. முறையை மாற்றிக்கொள்ளக் கூடாது. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் தோட்டத்துப் பெரட்டுக்கு எதிராக மூன்று துண்டுப்பிரசுரம் எழுதிய கை, இதையும் எழுதியது.

முதல் ஞாயிறே காத்தாயி விறகுக்கட்டோடு பிந்தி வந்தாள். புருஷன் இல்லாமல் நாலு பிள்ளைகளை வளர்ப்பவள். ஓடைச் சரிவில் மூன்று தட்டு வெட்டிக் கிழங்கு போட்டிருந்தாள். விதி விதிதான். இருபத்திரண்டாவதாகப் போட்டேன். கட்டை இறக்காமலே கேட்டாள்: "கங்காணி வேலைக்கு ஆள் எடுத்தப்ப ஒங்கள எப்பிடிங்க விட்டுட்டாங்க?"

மூட்டைப்பூச்சி

மாரிமுத்துவின் முறை மூன்றாவது. மறுநாள் மெஷின் வரவில்லை. லயத்திலிருந்து ஆளை வரவழைத்து விசாரித்தால், மருந்தைக் கிழங்குக்கு அடிக்காமல் தன் காம்பராச் சுவருக்கு அடித்திருக்கிறான். மூட்டைப்பூச்சிக்காம். அதைப் பார்த்து அடுத்த காம்பராக்காரர்களும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். சுண்ணாம்பை வடிகட்டாமல் ஊற்றியதில் மெஷினின் மூக்கு அடைத்துக்கொண்டது. அதைக் கழற்றி ஊசியால் குத்தி எடுப்பதற்குள் இரண்டு நாள் போயிற்று. பட்டியலும் இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. பொதுச் சொத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். மாரிமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "கெழங்கு செத்தா பட்டினி, மூட்ட சாவலைன்னா தூக்கமில்ல. ரெண்டுல ஒன்னத்தான் சங்கம் கவனிக்கும்னு நீங்க மொதல்லயே சொல்லலியே."

இருபத்து மூன்றாவது பெயர்

தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாக் காய்கறிப் பாத்தியிலும் கருகல் விழுந்தது. அவர் மெஷின் பழுது. எங்கள் மெஷினை ஒரு நாள் கேட்டு பங்களாச் சமையல்கார அப்புவிடம் துண்டுச்சீட்டு கொடுத்தனுப்பினார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டைப் பெரட்டில் உரக்க வாசித்தேன். துரையின் பெயரைக் காத்தாயிக்கும் கீழே இருபத்து மூன்றாவதாக எழுதினேன். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நேரில் வந்து ஆஜர் சொல்ல வேண்டும் என்றும் அறிவித்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள், அப்புவைத் தவிர. "இதப் போயி நான் சொன்னா என் வேல போயிரும். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒங்களுக்குத்தான் போறதுக்கு வேல இல்லியே."

எல்லைக் கல்

அந்த வாரம் புதன்கிழமை ஓடையிலிருந்து எழும்பிய மூடுபனி விலகவே இல்லை. காத்தாயியின் கீழ்த் தட்டில் இலை கறுக்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அவள் முறைக்கு இன்னும் ஒன்பது நாள். என்னிடம் வந்து கெஞ்சுவாள், ஒரு சொற்பொழிவோடு விட்டுக்கொடுக்கலாம் என்று காத்திருந்தேன்.

அவள் மெஷினைச் சுமந்துகொண்டே வந்தாள். அன்றைய முறைக்காரிக்குக் பறித்த கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழ இருந்ததாம். காத்தாயி தன் கூடையிலிருந்து அள்ளிப்போட்டு அவளுக்கு முழுப்பேர் ஆக்கியிருக்கிறாள். பதிலுக்கு முறை கைமாறிவிட்டது. இவளுக்கு அரைப்பேர். "இது விதிக்கு விரோதம்" என்றேன். அவள் ஒரு காலி வாளியை என் கையில் திணித்தாள். அவள் தட்டுகள் இருந்தது எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம். அங்கே காலை வைத்தால் என் மேல் வழக்குப் போடுவதாகத் தோட்டத்தில் எழுதியே கொடுத்திருந்தார்கள். கல்லைப் பார்த்தபடி நின்றேன்.

"அதையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க. இந்தப் பனியில தொரைக்கு நீங்களும் ஒரு சவுக்கு மரமாட்டம்தான் தெரிவீங்க. தண்ணியத் தூக்குங்க."

தூக்கினேன். பதினேழு வாளி. கீழ்த் தட்டு போனது போனதுதான். மேல் இரண்டு தட்டும் பிழைத்தன.

அந்த ஞாயிறு, பிடித்துக்கொண்ட இடுப்போடு பீலியடிக்குப் போய்ச் சேர ஆறரை ஆகிவிட்டது. எழுத்துத் தெரியாத காத்தாயி எல்லாப் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லி, எந்தப் பாத்தியில் கருகல் அதிகமோ அந்த வீட்டுக்கு முதல் முறை என்று தீர்த்துவிட்டிருந்தாள். என் விதித்தாள் பீலியில் நனைந்து ஊறிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு பெயர் சேர்த்தாள்: "தலைவர், பிந்தி வந்துட்டாரு. தொரைக்குப் பின்னால, இருபத்து நாலு."

எத்தனையோ வருடம் கத்தியும் தோட்டத்துப் பெரட்டை என்னால் ஒழிக்க முடியவில்லை. நான் வைத்த பெரட்டை மட்டும் காத்தாயி நான் வந்து சேருமுன் அரை மணி நேரத்தில் ஒழித்துவிட்டாள்.