ஆத்தப்பனின் நாற்பத்தொன்பதாயிரம்

ஆத்தப்பனும் மணியனும் ஒரே ஐப்பசியில், பத்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். நெருப்பெரிச்சலில் அடுத்தடுத்த தோட்டம், ஆளுக்கு ஐந்து ஏக்கர். எட்டாவது வரை ஒன்றாகப் படித்தார்கள். கல்யாணமும் ஒரே வருஷத்தில் முடிந்தது. இருபத்தெட்டு வயது வரைக்கும் இரண்டு பேரில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று யோசிக்கவே இடமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மணியன் தோட்டத்தை விற்றுவிட்டு, திருப்பூரில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து நாலு பனியன் மிஷின் போட்டான். ஆத்தப்பனையும் கூட்டுக்குக் கூப்பிட்டான். ஆத்தப்பனுக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு வந்த பன்னிரண்டு வருஷமும் அவன் தன்னை அளந்து பார்த்தது மணியனை வைத்துத்தான். மணியன் மாடி வீடு கட்டிய வருஷம் இவன் கிணற்றில் தண்ணீர் வற்றியது. மணியனின் பெண்கள் கோயமுத்தூர் கான்வென்டுக்குப் போனார்கள். இவன் மகள் செருப்பில்லாமல் பஞ்சாயத்துப் பள்ளிக்கு நடந்தாள். மணியன் அம்பாசிடர் வாங்கி, அதைக் காட்டவென்றே ஊருக்குள் வந்த அன்றைக்கு, ஆத்தப்பன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தானைத் தேடினான். அதில் இரண்டு பொத்தான் இல்லை.

எழுபத்தொன்றில், தை மாதம், அந்தக் கார் அவன் வாசலில் வந்து நின்றது.

“ஆத்தப்பா, புது மிஷினுக்குப் பேங்குல நாப்பதாயிரம் கேட்டிருக்கறேன். ஜாமீன் வேணுங்கறாங்க. நீதான் வரோணும்.”

“நானா? என்றகிட்ட என்னப்பா இருக்குது?”

“பட்டாவை எடுத்துக்கிட்டு வா, போதும்.”

பாங்கில் இருந்த ஆபீசர் இளவயசு, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். ஏக்கர் என்ன விலைக்குப் போகிறது, வீடு ஓடா கூரையா, எருமை எத்தனை, சம்சாரத்துக்கு எத்தனை பவுன். ஆத்தப்பன் குற்றவாளி மாதிரி எழுந்து நின்று பதில் சொன்னான். ஆபீசர் கூட்டினார். ஐம்பதாயிரத்து எழுநூறு. “கடன்?”

“சொசைட்டியில ஆயிரத்து எழுநூறுங்க.”

“அதைக் கழித்தால் நாற்பத்தொன்பதாயிரம். இதுதான் உங்கள் மதிப்பு” என்று அடியில் கோடு போட்டார்.

அப்புறம் மணியனின் ஃபாரத்தை எடுத்தார். மிஷின், சரக்கு, வீடு, கார் எல்லாம் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. கடன் பக்கம் எழுதி முடிக்க இன்னொரு தாள் வேண்டியிருந்தது. நூல் கடை, வட்டிக்குக் கொடுத்தவர்கள், ஏலச்சீட்டு, மச்சினன். எல்லாம் போக மிச்சம் பதின்மூன்றாயிரம். மணியன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தொழில்னா அப்படித்தானுங்க” என்று சிரித்தான்.

ஆத்தப்பன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தான். தாள் மாறிப் போயிருக்குமோ என்று பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். மாறவில்லை. அவன் சட்டைப் பையில் அப்போது ஒரு ரூபாயும் சில்லறையும்தான் இருந்தன.

“ஏனுங்க சார், நான் கையெழுத்துப் போட்டா இது அவனுக்குப் போயிருமுங்களா?”

“அவர் கட்டாவிட்டால்தான் போகும், அதுவும் பாங்குக்கு.”

போட வேண்டாம் என்று உள்ளே ஏதோ சொல்லியது. ஆனால் மாட்டேன் என்று சொன்னால், நான் உன்னைவிடப் பெரியவன் என்று மணியனின் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். பெரியவனாக இருந்து அவனுக்குப் பழக்கமில்லை. போட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவி ரங்காத்தாளிடம் சொன்னான். “அம்மிணி, நம்ம மதிப்பு நாப்பத்தொம்பதாயிரமாம்.”

அவள் சோற்றுப் பானையை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். “அப்படீன்னா அந்தப் பணம் எங்கீங்க இருக்குது? நேத்து உப்புக்கு நாந்தானுங்களே கடன் சொல்லிட்டு வந்தேன்.”

“அது நம்ம காடு தோட்டத்துல இருக்குதாம்.”

“அப்ப மணியண்ணன் ஊட்டுல?”

“அவன் ஊட்டுல பதிமூணாயிரந்தான்.”

அவள் நம்பவில்லை. போன வாரம்தான் மணியனின் மனைவி கழுத்தில் புது அட்டிகையைப் பார்த்திருந்தாள். ஆத்தப்பனுக்கும் விளங்க வைக்கத் தெரியவில்லை. சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி நடந்தான். வரப்பில் நின்று பார்த்தான்; மண்தான் தெரிந்தது, சோளத்தட்டு தெரிந்தது. நாற்பத்தொன்பதாயிரம் எங்கும் தெரியவில்லை. சந்தோஷப்படுவதா, ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பதா என்று புரியாமல் திரும்பினான்.

இரண்டாம் வருஷம் பாங்கிலிருந்து அவன் பேருக்கு நோட்டீஸ் வந்தது. மணியன் நாலு தவணை கட்டவில்லை. ரங்காத்தாள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஆத்தப்பன் கம்பெனிக்குப் போனான். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, மணியன் போனில் பம்பாய்க்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். வைத்துவிட்டு, “உன்ற காட்டுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா” என்றான். சொன்னபடியே நடந்தது. ஆறு மாதத்தில் பாக்கியைக் கட்டினான், எழுபத்தாறில் கடனையே முடித்தான்.

முடித்த கையோடு வந்து, ரோட்டை ஒட்டியிருந்த ஒரு ஏக்கரைக் கேட்டான். சாயப்பட்டறை போடவாம். விலை இருபதாயிரம். மகளுக்கு வரன் குதிர்ந்திருந்த நேரம், ஆத்தப்பன் கொடுத்துவிட்டான். முதல்முறையாக வீட்டுக்குள் கட்டுக் கட்டாக நோட்டு வந்தது. தான் பணக்காரன் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. ரங்காத்தாளோ, “ஒரு ஏக்கர் போயிருச்சுங்களே” என்று கண்ணைக் கசக்கினாள்.

மகள் கல்யாணத்தில் மணியன் முன்னால் நின்று பந்தி பார்த்தான். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது ஆத்தப்பன் அவனை ஓரமாக இழுத்தான்.

“மணியா, நெசமாச் சொல்லு. இப்ப நம்ம ரெண்டு பேருல யாருப்பா முன்னால இருக்கறது?”

மணியன் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அவனும் யோசித்தான். விரலை மடக்கிக் கொஞ்சம் கணக்குப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டான்.

“எனக்குத் தெரியலியேப்பா” என்றான். “வா, பந்தியில ரசத்துக்குக் காத்திருக்கறாங்க.”